தெல்ஃபினோவின் இரண்டு முன்பற்கள்

இனிப்புப் பல்வலி நிவாரண மற்றும் தடுப்பு மையத்தை அமைச்சர் கேக் வெட்டித் திறந்துவைத்தார். கேக் கடைவாய்ப்பல் வடிவத்தில் இருந்தது. வெளியே வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு, உள்ளே நரம்புக்குப் பதிலாக ஸ்ட்ராபெரி ஜாம். அமைச்சர் நரம்பு வரைக்கும் கத்தியை இறக்கினார். கூட்டம் கைதட்டியது. நாங்கள் ஊர் பேண்டுக்காரர்கள், எங்களுக்குக் கை காலியாக இல்லை, ஊதினோம். ஊதி முடித்ததும் ஆளுக்கொரு துண்டு நரம்பு கொடுத்தார்கள்.

மையத்துக்கு இயக்குநர் டாக்டர் ரிகோபெர்த்தோ சல்திவார். அதுவரை அவர் சந்தைத் தெருவில் ஒரு சின்ன அறையில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர். என் கடைவாயில் அவர் அடைத்த பல் இன்னும் கல்லுமாதிரி இருக்கிறது. இயக்குநர் ஆன அன்றோடு பல்லைத் தொடுவதை விட்டுவிட்டார். அறையையும் பூட்டிவிட்டார். அதன்பிறகு எங்கள் ஊரில் பல்லைப் பற்றிப் பேச ஆள் இருந்தது, பல்லைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நான் இலாரியோ. பேண்டில் இருப்பதிலேயே பெரிய குழல் என்னுடையது, டியூபா. என் வாயில் என்ன நடந்தாலும் யாருக்கும் கவலை கிடையாது, தும்மினால்கூட அது பாட்டோடு கலந்துவிடும். தெல்ஃபினோ அப்படியில்லை. அவன் முதல் ட்ரம்பெட். நவம்பரில், இசைக்காரர்களின் புனிதையான சிசிலியாவின் திருநாள் விடியலில், கோவில் படிக்கட்டில் அவன் ஒருவன் மட்டும் நின்று ஊதுவான். அவன் அப்பா செத்த வருஷத்திலிருந்து அவன்தான். அந்த ஊதலைக் கேட்டுவிட்டுத்தான் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அடுத்த வருஷத் திருவிழாக்களுக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். ட்ரம்பெட்டின் வாய்முனை மேல்வரிசை முன்பற்கள் இரண்டின்மேல் அழுந்தி உட்காரும். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் பேண்டே அந்த இரண்டு பற்களின்மேல் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பற்களுக்கு அவன் செய்த கைம்மாறு தேங்காய் மிட்டாய். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு துண்டை முன்பல்லில் கடித்துப் பிடித்துச் சப்புவான். கேட்டால் தொண்டை காயாது என்பான். போன டிசம்பரில் மிட்டாய் பட்டதும் சுரீரென்றது. பிறகு குளிர்காற்று பட்டால் சுரீரென்றது. எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது, குளிர்காற்று படாத நேரமே கிடையாது. கடைசியில் ட்ரம்பெட்டை வாயில் வைத்தாலே கண்ணில் தண்ணீர் வந்தது. பல் கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் உண்டே என்று மருந்துக்கடைக்குப் போனோம். இருந்ததையெல்லாம் மையம் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம்.

"மையத்துக்கே போயிடுவோம் மச்சான். நமக்காகத்தானே தொறந்திருக்காங்க" என்றேன். இந்த வார்த்தைக்கு இன்றுவரை நான் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

நாங்கள் மையத்துக்குப் போன நாள் ஜனவரி ஆறு. குழந்தை யேசுவைப் பார்க்க ஒட்டகத்தில் வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். கூடத்தின் நடுவே வளையமான இனிப்பு ரொட்டி ஒன்று, சுற்றி வரவே நேரமாகும் அளவுக்கு, மேசை மேசையாக வளைந்து கிடந்தது. மேலே சர்க்கரைப் பாளங்களும் பாகில் ஊறிய பழங்களும். மூலையில் கிறிஸ்துமஸ் குடில் இன்னும் கலைக்கப்படாமல் இருந்தது. பெத்லகேம் மலைகளின் பாசிப்போர்வை ஓரிடத்தில் விலகி, அடியில் அட்டைப்பெட்டி தெரிந்தது. பெட்டிமேல் 'பல் கூச்சம் போக்கும் பேஸ்ட்' என்று அச்சடித்திருந்தது.

தெல்ஃபினோவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வரவேற்பில் இருந்த ஒப்துலியாவிடம் ஓடினான்.

"தங்கச்சி, அந்தப் பேஸ்ட்ல ஒண்ணே ஒண்ணு குடும்மா."

"எதுல?"

"அதோ, மலைக்கு அடியில."

"ஐயோ, அதுல ஒண்ண உருவினா பெத்லகேமே சரிஞ்சிடும்ணே! ஒட்டகம்லாம் அந்தப் பக்கந்தான் நிக்குது. முதல்ல ரொட்டி வெட்டுங்க. ரொட்டி வெட்டாம இங்க யாரையும் பாக்கறதில்ல."

"எனக்கு இனிப்புதாம்மா ஆகாது."

"ஆகாதவங்களுக்குத்தானே இந்த மையமே. கத்தியப் பிடிங்க."

ரொட்டிக்குள் ஊர் வழக்கப்படி குட்டிக் குட்டியாகக் குழந்தை யேசு பொம்மைகள் புதைத்திருப்பார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவன்தான் குழந்தைக்கு ஞானத்தந்தை, அவன் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளன்று, கூடியிருந்த அத்தனை பேருக்கும் தமாலே அவித்துக்கொண்டு வரவேண்டும். சோளமாவை மடலில் பொதிந்து அவிக்கிற வேலை, ஒரு வீட்டுக்கு அவிப்பதற்குள்ளேயே இடுப்பு ஒடிந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் பொம்மை கிடைத்தவன் எவனும் முதலில் செய்வது ஒன்றே. பொம்மையை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு, மென்றுகொண்டிருப்பதுபோல் மேலே பார்ப்பான். நானும் செய்திருக்கிறேன், எங்கள் பாதிரியாரும் செய்திருக்கிறார்.

தெல்ஃபினோவின் துண்டில் பொம்மை இருந்தது. மையத்து ஊழியர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தான். டக்கென்று வாய்க்குள் போட்டுக்கொண்டான். பழக்கதோஷத்தில், மிட்டாயைப் பிடிப்பதுபோல் முன்பல்லில் பிடித்தான். அந்த நேரம் பார்த்து டாக்டர் சல்திவார் பின்னாலிருந்து முதுகில் தட்டி, "என்னப்பா தெல்ஃபினோ, சௌக்கியமா?" என்றார்.

மையத்துப் பொம்மைகள் பிளாஸ்டிக் இல்லை. அமைச்சர் பரிசளித்த பீங்கான். பொம்மை தப்பித்தது, முன்பல் ஒன்றின் முனை பெயர்ந்துவிட்டது. தெல்ஃபினோ வாயைப் பிடித்துக்கொண்டு அழுதான், பொம்மை தரையில் விழுந்து உருண்டது.

"ஞானத்தந்தை கிடைச்சாச்சு!" என்று கூவினாள் ஒப்துலியா. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாருங்க, சந்தோஷத்துல அழுவுறாரு" என்றார் டாக்டர்.

"டாக்டர், பல்லு ஒடஞ்சிருச்சு" என்றேன் நான்.

டாக்டர் குனிந்து பார்த்தார். பழைய கெட்டிக்காரத்தனம் அவர் கண்ணில் ஒரு நொடி வந்து போனது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது, அங்கே முன்பெல்லாம் சின்னக் கண்ணாடி வைத்திருப்பார். இப்போது பேனாதான் இருந்தது. "சின்னதாத்தான் போயிருக்கு. ஆனா பொம்மையால ஒடஞ்சது விபத்துல்ல? நம்ம மையம் இனிப்பு வலிக்கு மட்டுந்தான். விபத்தையும் இனிப்பையும் கலந்தா குழப்பம் வந்துடும். எப்படியும் பிப்ரவரி ரெண்டாந்தேதி தமாலே கொண்டுட்டு வருவேல்ல, அன்னிக்கே இனிப்பு வலிய மட்டும் பாத்துருவோம்" என்றார்.

பிப்ரவரி இரண்டாம் தேதி தெல்ஃபினோவும் அவன் மனைவியும் நானும் தமாலே அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனோம். காரம், பச்சை மிளகாய், திராட்சை போட்ட இளஞ்சிவப்பு இனிப்பு, எல்லாம் இருந்தது. கூடவே சர்க்கரை கரைத்த சோளக்கஞ்சி. எல்லா வீடுகளிலும் குழந்தை யேசு சிலைக்குப் புதுச்சட்டை போட்டு நாற்காலியில் உட்காரவைக்கும் நாள் அது. மையத்துக் குழந்தைக்கு வெள்ளைக் கோட்டு தைத்துப் போட்டிருந்தார்கள். கையில் குட்டிக் குறடு. உட்காரவைத்திருந்த இடம், மையத்தில் இருந்த ஒரே பல் நாற்காலி. பல் விளக்கு அவர் தலைக்குமேல் ஒளிவட்டம் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் தூக்கி அந்தப் பக்கம் வெச்சா, நான் உக்காந்துக்குவேன்" என்றான் தெல்ஃபினோ.

ஒப்துலியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஞானத்தந்தையே இப்படிப் பேசலாமாண்ணே? அவர ஞானத்தாய் வந்துதான் தூக்கணும்."

"ஞானத்தாய் யாரு?"

"துணை அமைச்சரோட சம்சாரம்."

"எப்ப வருவாங்க?"

"வரும்போது வருவாங்க."

டாக்டர் ஓர் இளஞ்சிவப்புத் தமாலேயைக் கையில் பிடித்தபடி உரையாற்றினார். "நண்பர்களே! இனிப்பு சாப்பிட்ட உடனே வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். நாள் முழுவதும் இனிப்பை வாயில் ஊறவிடக் கூடாது. இந்த எளிய உண்மையைப் பரப்பத்தான் இந்த மையம் ஆண்டு முழுவதும் விருந்து நடத்துகிறது!" தெல்ஃபினோ நல்ல மாணவன், எழுந்து குழாயடிக்குப் போனான். குழாயில் தண்ணீர் வரவில்லை. கட்டடம் திறந்த நாளிலிருந்தே வந்ததில்லையாம். ஒப்துலியா ஓடிவந்து, குடத்திலிருந்து செம்பருத்திச் சர்பத் ஊற்றிக் கொடுத்தாள். கொப்பளித்தான். சத்தம் வெளியே வரை கேட்டது. கொப்பளித்த சத்தத்தைச் சொல்லவில்லை.

ஞானத்தாய் ஏப்ரல் கடைசியில், குழந்தைகள் தினத்தன்று வந்தார். அதுவரை குழந்தை யேசு நாற்காலியிலும், தெல்ஃபினோ பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். இதற்குள் பேண்டில் அவனை இரண்டாம் ட்ரம்பெட்டுக்கு இறக்கியிருந்தோம். இறக்கினோம் என்கிறேன், நானும்தான் கை தூக்கினேன். ஒரு சாவு ஊர்வலத்தில் நடு அடியில் ஊதலை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான், பிணத்தின் வீட்டார் அது துக்கம் என்று நினைத்து மெச்சினார்கள். கல்யாண வீட்டிலும் அதையே செய்தான். அங்கே மெச்சவில்லை.

ஞானத்தாய் குழந்தையைத் தூக்கினார். நாற்காலி காலியானது. தெல்ஃபினோ பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டான். அப்போது உத்தரத்திலிருந்து காகிதப் பானையை இறக்கினார்கள். பல் வடிவப் பானை, சோகமான முகம் வரைந்திருந்தது, உள்ளே மிட்டாய். கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடித்து உடைக்க வேண்டும்.

"முதல் அடி ஞானத்தந்தைக்கு!" என்றார் டாக்டர்.

"எனக்கு அந்த நாற்காலிதான் வேணும் டாக்டர்."

"பல்லை அடிச்சா உள்ளேருந்து இனிப்பு கொட்டுது. இத விடத் தெளிவா பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்த எப்பிடிய்யா சொல்றது? நாட்டுக்காக ஒரு அடி அடி."

கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி விட்டார்கள். ஜனவரியிலிருந்து சேர்ந்த கோபம் அத்தனையும் அந்தத் தடியில் இருந்தது. ஒரே அடி. பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்காலிக்கு மேலிருந்த பல் விளக்கு பொலபொலவென்று உதிர்ந்தது.

புது விளக்கு தலைநகரத்திலிருந்து வர செப்டம்பர் ஆனது. அதற்குள் தெல்ஃபினோ ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டான். பேண்டில் அவன் கையில் இப்போது பித்தளைத் தாளம். தாளத்துக்குப் பல் தேவையில்லை. ஆனால் தலைமை ஊதுகுழல்காரனாக இருந்தவன் ஒரு பாட்டுக்கு நான்கு முறை தட்டிவிட்டுச் சும்மா நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் அவன் உதடுகள் தாமாகக் குவிந்து விரியும். ஆள் ஊதாமல் ஊதிக்கொண்டிருந்தான்.

"சிசிலியா திருநாளுக்குள்ள சரியாயிரும் மச்சான். அன்னிக்கு மட்டும் நான் ஊதிடணும். அப்புறம் என்ன வேணா ஆவட்டும்" என்று தினமும் சொல்வான்.

விளக்கு வந்த அன்றே போனோம். நாற்காலி காலி. விளக்கு எரிகிறது. தெல்ஃபினோ உட்கார்ந்தேவிட்டான். உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும், யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல, இறுக்கிப் பிடித்துக்கொண்டான். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்போது ஒப்துலியா ஒரு வெள்ளித்தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் தேங்காய் மிட்டாய், பால்கோவா, பாகில் ஊறிய சர்க்கரைவள்ளி.

"இது எதுக்கு டாக்டர்?" என்றேன்.

"வலி இனிப்பாலதான்னு நிரூபிக்கணும்ல. இல்லாட்டி வெறும் பல்வலியா இருந்தா? வெறும் பல்வலிக்கு நமக்கு அதிகாரம் கிடையாது. ம், வாயத் தொற."

தேங்காய் மிட்டாயை முன்பல்லில் வைத்தார். தெல்ஃபினோ நாற்காலியைவிட்டு ஒரு முழம் எழும்பி விழுந்தான்.

"இதா?"

தலையாட்டினான். பால்கோவா வைத்தார். எழும்பினான். சர்க்கரைவள்ளி வைத்தார். எழும்பவில்லை, முனகினான்.

"மூணுல எது ஜாஸ்தி?"

"எல்லாமே டாக்டர்."

"எல்லாமேன்னா எப்பிடிப்பா? ஒண்ணச் சொல்லு. மறுபடி மொதல்லேருந்து வெக்கிறேன்."

மறுபடி முதலிலிருந்து வைத்தார். அதற்கு மறுபடியும். தட்டு காலியானதும் கையுறையைக் கழற்றி, "வலி உறுதியாயிடுச்சு, வாழ்த்துகள்! இன்னொரு பத்து நாள்ல அடைச்சிடலாம்" என்று கை குலுக்கினார். தெல்ஃபினோ வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். வாழ்த்துச் சொன்னவருக்கு நன்றி சொல்லாமல் போனால் தப்பாயிற்றே என்று நான்தான் சொன்னேன்.

பத்து நாள் அவர்கள் காலண்டரில் நீளமாகத்தான் ஓடியது. அக்டோபர் நடுவில் ஒரு காலை தெல்ஃபினோ என் கதவைத் தட்டினான். கையில் ட்ரம்பெட். முகத்தில் டிசம்பருக்கு அப்புறம் நான் பார்க்காத சிரிப்பு.

"வலிக்கல மச்சான்! காத்து படுது, ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சேன், ஒண்ணும் இல்ல. கேளு."

வாசலிலேயே நின்று ஊதினான். பழைய ஊதல். தெருவில் நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. ஊதி முடித்துச் சிரித்தபோதுதான் கவனித்தேன். ஒடிந்த முன்பல் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. பக்கத்துப் பல்லும் அந்த வழியில்தான் இருந்தது. பல் செத்துவிட்டால் வலிக்காது. எனக்குத் தெரியும், வாயைத் திறக்க மனசு வரவில்லை. திருநாளுக்கு இன்னும் ஒரு மாதம்தான், ஊதிவிடுவான் என்று நினைத்தேன்.

செய்தி மையத்துக்கு எட்டியது. டாக்டர் வண்டி அனுப்பினார். வாசலில் மாலை போட்டார்கள்.

"மையம் தொறந்ததுலேருந்து மொத மொத குணமான ஆள் நீதாம்ப்பா! இறந்தோர் திருநாளுக்கு அமைச்சர் வர்றாரு. நிவாரணத்த முடிச்சாச்சு. நம்ம பேர்ல ரெண்டாவதா என்ன இருக்கு?"

"தடுப்பு" என்றாள் ஒப்துலியா.

"இந்த வலி மறுபடி வராமத் தடுக்கணும். உக்காரு."

"வேணாம் டாக்டர். இப்பதான் நல்லாயிருக்கே. திருநாளுக்கு ஊதணும்."

"உக்காருப்பா. ஒரு வருஷமா இந்த நாற்காலிக்காகத்தானே அழுத?"

இரண்டு ஊழியர்கள் தோளைப் பிடித்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், நான் நின்றேன். உள்ளே டாக்டர் சல்திவாரின் கை பழைய கெட்டிக்காரத்தனத்தை மறந்திருக்கவில்லை. இரண்டு பற்களும் வேரோடு, ஒரு கீறல் இல்லாமல் வந்தன.

இறந்தோர் திருநாளன்று மையத்தின் கூடத்தில் ஏழு படி வைத்துப் பலிபீடம் எழுப்பியிருந்தார்கள். சாமந்திப்பூ, மெழுகுவர்த்தி, சர்க்கரையில் செய்த மண்டையோடுகள். உச்சிப் படியில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், அதற்குள் தெல்ஃபினோவின் இரண்டு பற்கள். படிகளின்மேல் விரித்த வெள்ளைத்துணி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் பேஸ்ட் பெட்டிகள். பெத்லகேமாக இருந்தவை இப்போது பலிபீடமாகியிருந்தன. காலாவதித் தேதி போன மாதமே முடிந்திருந்தது.

டாக்டர் பேசினார். "அமைச்சர் அவர்களே! இந்த இரண்டு பற்களும் நமக்கு ஒரு பாடம். அடிப்படையில் இது பத்து நிமிட வேலை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பேஸ்ட் ஒன்றே போதும். முனை ஒடிந்த அன்றைக்கே வந்திருந்தால், சின்னதாக ஓர் அடைப்பு. ஆனால் நம் மக்கள் வலி முற்றிய பிறகுதான் வருகிறார்கள். அந்த அலட்சியத்தை ஒழிக்கத்தான் நமக்கு இரண்டாவது மையம் தேவைப்படுகிறது!" அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே அறிவித்தார்.

பிறகு குணமானவர் ட்ரம்பெட் வாசிப்பார் என்றார்கள். தெல்ஃபினோ எழுந்தான். ட்ரம்பெட்டை வாயில் வைத்தான். உதடு உள்ளே போனது. காற்று வந்தது. பாட்டு வரவில்லை. மறுபடி வைத்தான், மறுபடியும் காற்று. கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது. இறந்தோர் திருநாள் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவன் ட்ரம்பெட்டை என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். வாசலில் அவன் ஊதிய அன்றே பல் செத்துவிட்டதை நான் சொல்லியிருக்க வேண்டும், தலைநகருக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

ஒப்துலியா தட்டில் ஒரு சர்க்கரை மண்டையோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் வழக்கப்படி உயிரோடிருப்பவரின் பெயரையே அதன் நெற்றியில் எழுதித் தருவோம். வண்ணத்தாள் ஒட்டி 'தெல்ஃபினோ' என்று எழுதியிருந்தது. வாயில் முழு வரிசைப் பற்கள், பாகால் வரைந்தவை, ஒன்றுகூடக் குறையவில்லை.

"சாப்பிடுங்கண்ணே. இனிமே பயமே இல்ல, கூசாது."

மறுத்தால் மரியாதை இல்லை. முன்பல் இல்லாததால் தலையைச் சாய்த்து, கடைவாயில் வைத்துக் கடித்தான். கடித்ததும் தாடை அப்படியே நின்றது. கை கன்னத்துக்குப் போனது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

ஒப்துலியா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மெழுகுவர்த்தி ஏற்றியதுபோல் மலர்ந்தது.

"பின்பல்லாண்ணே? சுரீர்னுதா?"

தலையாட்டினான்.

"அப்பாடா! ஒடனே வந்துட்டீங்க பாத்தீங்களா, இதத்தான் டாக்டரும் சொன்னாரு" என்றாள். "ஜனவரி ஆறாந்தேதி காலையில வந்துடுங்க. மொதத் துண்டு உங்களுக்குத்தான்."